வாசலுக்கு வெளியே திறக்கிறதா?

வலது கையில் கைபேசி, இடது கையில் பச்சை அட்டைக் கோப்பு. கோப்புக்குள் ஒரு தாளும் இருப்பதில்லை. திரைமேல் வெயில் படாமல் அதைக் கூரை மாதிரி பிடித்துக்கொண்டு, ஆராய்ச்சி நிறுவனத்தின் இரும்பு கேட்டுக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்துக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவில் நிற்கிறார். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது. உதடு அசைய எதையோ படிக்கிறார்.

"என்னக்கா, வலி எடுத்துடுச்சா?" என்கிறார் காவலாளி, நாற்காலியை விட்டு எழாமலே.

"இருப்பா. தலை தெரியுது."

கட்டைவிரலால் திரையை இரண்டு தடவை மேலே தள்ளுகிறார். பிறகு கோப்பை அக்குளில் செருகிக்கொள்கிறார்.

"சுகப்பிரசவம்."

"ஆணா, பொண்ணா?"

"ஈரல் வீக்கம். பதினாலு பக்கம்."

காவலாளி திருப்தியாகத் தலையாட்டுகிறார். இந்தக் கேட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பார்க்கிற காட்சி இது. மழை நாளில் கோப்புக்குப் பதில் குடை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நிறுவனத்தில் அவருக்கு மருத்துவச்சி என்று பேர். முகத்துக்கு நேரே இளையவர்கள் அக்கா என்பார்கள், மூத்த விஞ்ஞானிகள் அம்மா என்பார்கள். முதுகு திரும்பியதும் எல்லோருக்கும் மருத்துவச்சிதான். அது அவருக்கும் தெரியும். பேருக்குக் காரணமும் அவரேதான்.

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் முடிவை மக்கள் காசு கொடுக்காமல் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. ஆய்விதழில் கட்டுரை வெளியான பன்னிரண்டு மாதத்துக்குள் அதன் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை ஆண்டறிக்கையில் காட்டினால்தான் ஆராய்ச்சிக்கு அடுத்த ஆண்டு நிதி வரும். எண் இல்லாத கட்டுரை மருத்துவச்சியின் கணினியில் சிவப்பு வரியாக நிற்கும். அந்தச் சிவப்பைப் பச்சையாக்குவதுதான் அவர் உத்தியோகம். விஞ்ஞானிகளுக்கோ கட்டுரை அச்சில் வந்ததோடு ஆசை தீர்ந்துவிடும். அடுத்த கட்டுரையில் தலையைக் கொடுத்துவிடுவார்கள். அவர்களை மாடிப்படியிலும் உணவுக்கூட வரிசையிலும் மடக்கி, மருத்துவச்சி கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"பத்து மாசத்துல ஒரு உயிரையே பெத்துப் போட்டுடறாங்க. உங்களுக்குப் பன்னெண்டு மாசம் குடுத்தும் ஒரு ஃபைல் வெளிய வர மாட்டேங்குதா?"

இரண்டாம் மாடியில் படிக்கட்டை ஒட்டிய அறை அவருடையது. உள்ளே ரப்பர் செருப்பு. கேட்டுக்குப் போக மட்டும் மேசையடியில் ஒரு ஜோடி நல்ல செருப்பு. பிரதியோடு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க ஒரு பாட்டில் நிறைய இருமல் மிட்டாய். வெறுங்கையோடு வருகிறவர்கள் பாட்டிலைப் பார்க்கலாம், தொடக் கூடாது. நீண்ட நாள் நகராத சிவப்பு வரிகளோடு அவர் பேசுவதும் உண்டு. "உனக்கு இங்க என்னதான் வச்சிருக்கு?" என்பார் கணினியிடம்.

படித்தது விலங்கியல். ஆய்வகத்தில்தான் தொடங்கினார். எலி முடி காற்றில் பறந்தால் அவருக்குத் தும்மல் வரும். அவர் தும்மினால் எலி மிரளும். எலி மிரண்டால் சோதனை கெடும். "எலிக்கும் எனக்கும் ஒத்து வரல. யாராவது ஒருத்தர் போகணும். எலி நிரந்தர ஊழியர்" என்று அந்தக் கதையை முடிப்பார்.

பிரதி என்றால் எந்தப் பிரதியும் ஆகாது. முதலில் எழுதி அனுப்பியது கூடாது. அதில் மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தம் இருக்காது. அச்சில் வந்ததும் கூடாது. அது பதிப்பகத்தின் சொத்து. இரண்டுக்கும் நடுவே, எல்லாத் திருத்தமும் முடிந்து, இதழ் ஏற்றுக்கொண்ட பிரதி ஒன்று இருக்கும். அதுதான் வேண்டும். மருத்துவச்சி இதைச் சட்டைக் கணக்கில் விளக்குவார். "துணி வெட்டினது வேண்டாம். இஸ்திரி போட்டதும் வேண்டாம். தைச்சு முடிச்சு, பட்டன் கட்டி, இஸ்திரிக்குப் போறதுக்கு முன்னாடி கசங்கலா இருக்கு பாருங்க, அது. அது நம்ம சட்டை."

கேட்டுக்கு வெளியே போவது ஏன் என்றால், உள்ளே இருந்தால் எல்லாம் திறக்கும். நிறுவனம் ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டுகிறது. நிறுவனத்துக் கணினியில் எந்தக் கட்டுரையைத் தட்டினாலும் விரியும். உள்ளே இருப்பவர்களுக்கு, காசு கேட்கிற சுவர் ஒன்று நடுவில் இருப்பதே தெரியாது. வேலைக்கு வந்த புதிதில் மருத்துவச்சிக்கும் தெரியவில்லை. தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து தட்டிப் பார்த்து, எல்லாம் திறக்கிறது என்று வரிசையாகப் பச்சை போட்டு அறிக்கை அனுப்பினார். அதில் பாதி திரும்பி வந்தது. அன்று இயக்குநர் அறையிலிருந்து வெளியே வந்தவர் நேராகக் கேட்டைத் தாண்டித்தான் நின்றாராம். அன்றிலிருந்து, தன் சொந்தக் கைபேசியில், தன் சொந்தக் காசில் போட்ட டேட்டாவில், வீதியில் நின்று திறந்தால்தான் அவருக்குத் திறந்தது.

ஈரல் விஞ்ஞானியோடு போன மாதம் நடந்தது இது.

"என் மேஜையில திறக்குதேம்மா."

"உங்க மேஜையில எல்லாமே திறக்கும் சார். கொஞ்சம் வெளிய வாங்க."

"நான் வெளிய வந்தா உள்ள வளக்கற ஈரல் செல்லெல்லாம் செத்துடும்மா."

"ரெண்டு நிமிஷத்துல சாகாது. அதுக்கெல்லாம் ஆயுசு கெட்டி."

கேட்டுக்கு வெளியே, பச்சைக் கோப்பின் நிழலில், திரையில் கட்டணப் பக்கம் வந்தது. விஞ்ஞானி குனிந்து பார்த்தார்.

"என் கட்டுரைக்கு இவ்வளவு விலையா? எங்கம்மா பாத்தா பெருமைப்படுவாங்க."

"அம்மா வாங்கிப் படிப்பாங்களா?"

"ஓசியில குடுத்தாக்கூடப் படிக்க மாட்டாங்க."

காவலாளியும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் பிரதி வந்தது. ஈரல் வீக்கம், பதினாலு பக்கம்.

எல்லாரையும் இப்படி மடக்க இரண்டு கால் போதாது. அதனால் போன வருடம் கணினிப் பிரிவிடம் சொல்லி, திங்கட்கிழமை தோறும் காலையில் தானாகப் போகும்படி ஒரு நினைவூட்டல் மடல் ஏற்பாடு செய்தார். கணினிப் பிரிவு எழுதிக் கொடுத்த வாசகம் போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மாற்றி எழுதினார். "அன்புள்ள பேராசிரியருக்கு, வணக்கம். தங்கள் கட்டுரைக்காகக் காத்திருக்கிறோம். நேரம் கிடைக்கும்போது அனுப்பிவைத்தால் போதும். கிடைக்காவிட்டால் மீண்டும் கேட்போம்." மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இது காதலிக்கிறவன் எழுதினதா, கடன் குடுத்தவன் எழுதினதா?" என்றார். "ரெண்டு பேரும் விட மாட்டாங்க இல்ல?" என்றார் மருத்துவச்சி. வீட்டுக்காரர் 'கட்டுரைக்காக' என்பதற்குப் பின்னால் விட்டுப்போன ஒரு 'க்'கைச் சேர்த்துக் கொடுத்தார்.

அந்த மடலுக்கு ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் பதில் போடுவார்கள். முதியவர்கள் கீழே விழுவதை ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் போடுகிற பதில் எப்போதும் ஒரே சொல். "நாளைக்கு." செருப்புக்குள் அசைவை அளக்கும் உணரிகளை வைத்து, வயதானவர்களை நடக்கவிட்டு, எந்த நொடியில் தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி அவருடையது. அவருடைய நாளை எந்த நாட்காட்டியிலும் கிடையாது. நேரில் பார்த்தால், "நாளைக்குன்னு சொன்னேன் இல்ல?" என்பார். "எந்த நாளைக்குன்னு சொல்லலையே சார்?" என்பார் மருத்துவச்சி. இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டிருந்தது.

ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டக் குனிந்த பேராசிரியர் நிமிரவில்லை. இதயம்.

இரங்கல் கூட்டத்தில் மருத்துவச்சி முன்வரிசையில் உட்கார்ந்து அழுதார். நான்கு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை, நினைவூட்டலுக்கு வந்த பதில்களை வரிசையாகத் திறந்துகொண்டு வந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார். பேராசிரியரின் முகவரி. பேராசிரியரின் பெயர். ஒரே சொல்.

"நாளைக்கு."

கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. யாரோ அவருடைய அஞ்சல் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதைவிட மோசமான சங்கதி அடுத்து உறைத்தது. பட்டியலிலிருந்து பேராசிரியரின் பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் என்றால் அவருக்குத்தான், பட்டியல் அவருடையது. கூட்டத்தில் அழுத வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமையும், அதற்கடுத்ததும், விடாமல் ஒவ்வொரு திங்களும் இயந்திரம் அந்த மனிதருக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. காத்திருக்கிறோம். கிடைக்காவிட்டால் மீண்டும் கேட்போம்.

அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். மறுபடியும் மூடினார். பிறகு கீழ்த்தளத்துக்குப் போனார்.

பேராசிரியரோடு அந்தக் கட்டுரையை எழுதிய உதவி ஆய்வாளர் அங்கே உணரிச் செருப்புகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சம்பளம் அந்த நிதியிலிருந்து வருகிறது. ஆண்டறிக்கை மாதக் கடைசிக்குள் போக வேண்டும். கட்டுரைக்கான பன்னிரண்டு மாதமும் அதே மாதத்தோடு முடிகிறது. எண் இல்லாமல் அறிக்கை போனால் நிதி நிற்கும். நிதி நின்றால் பேராசிரியர் பாதியில் விட்ட ஆராய்ச்சியும் நிற்கும், அவளும் செருப்புகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான்.

"கடைசித் திருத்தம் பண்ணின பிரதி உன்கிட்ட இல்லவே இல்லையா?"

"இல்லக்கா. சார் வீட்டு லேப்டாப்லதான் பண்ணினார். நேரா இதழுக்கு அனுப்பிட்டார். அவர் பொண்ணுகிட்ட ரெண்டு தடவை கேட்டேன். தேடறேன்னாங்க." அவள் ஒரு செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதுக்கு மேல எப்படிக்கா கேக்கறது? அவங்க அப்பா போயிட்டார். நான் ஃபைல் எங்கன்னு நிக்கறேன்."

மருத்துவச்சி இத்தனை வருடத்தில் எந்த விஞ்ஞானி வீட்டுக்கும் போனதில்லை. அன்று சாயங்காலம் போனார்.

கதவைத் திறந்தவளுக்கு முப்பது தாண்டியிருக்கும். பேராசிரியரின் ஒரே மகள். கட்டடங்களில் லிஃப்ட்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற பொறியாளர். வேலையிலிருந்து வந்த கோலத்திலேயே இருந்தாள். கால்சட்டையில் கிரீஸ் கறை. சாப்பாட்டு மேசையில் ஒரு மடிக்கணினி விரித்தபடி இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு வைக்கத்தான் இடம்.

"உக்காருங்க, மேடம்."

மருத்துவச்சி உட்கார்ந்தார். வருத்தம் தெரிவிக்கிற சொற்களை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"அந்த 'நாளைக்கு' நீங்க போட்டதா?"

"ஆமா."

"எனக்கு உசிரே போயிடுச்சு."

"மன்னிச்சுக்கங்க." அவள் எதிரே உட்கார்ந்தாள். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககூட இத்தனை தடவை மணி அடிக்க மாட்டாங்க. வாராவாரம். விடாம."

"அடிக்கிறது மெஷின்மா. ஆனா பேர எடுக்க வேண்டியது நான். எனக்குத் தோணல. அது என் தப்பு. முதல்ல அதச் சொல்லத்தான் வந்தேன். நாளைக்குக் காலைல எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க."

சமையலறையில் குளிர்பதனப் பெட்டி முனகி அடங்கியது.

"பேங்க்ல எழுதிக் குடுத்தேன். நிறுத்திட்டாங்க. போன் கம்பெனில குடுத்தேன். நிறுத்திட்டாங்க. பேராசிரியர் சங்கத்துலேருந்து பேருக்கு முன்னாடி 'மறைந்த'ன்னு போட்டு ஒரு கடிதம் வந்துது. எல்லாரும் அப்பாவ முடிச்சுட்டாங்க." லிஃப்ட் சோதனை அறிக்கையை ஒப்பிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "நீங்க மட்டும்தான் திங்கட்கிழமை காலைல காத்திருக்கிறோம்னு எழுதறீங்க."

மருத்துவச்சி மேசையில் ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசகம் நீங்க எழுதினதா?"

"ஆமா. எங்க வீட்டுக்காரர் திருத்தினார்."

"நல்லா இருக்கு."

"ஃபைல் கிடைச்சுதாம்மா?"

"இருக்கு."

"எதுன்னு தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும்."

"அந்தப் பொண்ணுக்கு இந்த மாசக் கடைசி."

"தெரியும். ரெண்டு தடவை கேட்டா. மூணாவது தடவை கேக்காம விட்டா பாருங்க, அதான் தாங்கல. குடுத்துடணும்னு நெனச்சுத்தான் 'நாளைக்கு'ன்னு போட்டேன். நாளைக்கு வந்துது. அனுப்பு பொத்தான்ல கை போகல." அவள் நிமிர்ந்தாள். "குடுத்துட்டா மடல் நின்னுடும் இல்ல?"

"நின்னுடும்."

"கட்டுரையைப் பதிவு பண்ணிட்டு, மடல மட்டும் ஓட விட முடியுமா? உங்க பட்டியல்தானே?"

இதை மருத்துவச்சி எதிர்பார்க்கவில்லை. முடியும். ஒரு வரியைத் தொடாமல் விட்டால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. எதிரே இருந்த முகத்தைப் பார்த்தால் செய்துவிடலாம் என்றுதான் தோன்றியது. வாய்வரை வந்தது.

"முடியும்" என்றார். பிறகு, "நீங்க லிஃப்ட் பாக்கறவங்க. உள்ள யாரும் இல்லாம ஒரு மணி அடிச்சுக்கிட்டே இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

அவள் இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டினாள்.

"இணைப்பக் கழட்டுவோம்."

"ஏன்?"

"அப்புறம் நிஜமா ஆள் மாட்டினா யாரும் வர மாட்டாங்க."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு ஃபைலைத் திறந்து, மருத்துவச்சி பக்கம் திருப்பினாள்.

யார் சொன்னாலும் கேட்டு வாங்கிக்கொள்கிற பழக்கம் மருத்துவச்சிக்குக் கிடையாது. ஏற்கப்பட்ட பிரதிதானா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். கட்டுரையை வாலிலிருந்து படிப்பது அவர் வழக்கம். நிதி எண் சரியா, நன்றிகள் சரியா, அதற்கு மேலே மேற்கோள்கள், அப்படியே பின்னால் நடந்து தலைப்புக்கு வருவார். மகள் அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றிப் பகுதியில் செருப்பு மாட்டி நடந்த முதியவர்களுக்கு ஒரு வரி. நிதி எண் ஒரு வரி. வேறெதுவும் இல்லை.

"நானும் மொதல்ல அங்கதான் தேடினேன்" என்றாள் மகள். "எனக்கு ஏதாவது இருக்குமோன்னு."

"உங்கப்பா அளந்து எழுதறவர்."

"அளந்துதான் பேசுவார். மூணாவது மதிப்பீட்டாளர் விஷயத்துல மட்டும் அளவே கிடையாது."

"அது யாரு?"

"யாருக்குத் தெரியும்? பேர் சொல்ல மாட்டாங்களே. இதே மேசைல உக்காந்து ஒரு மாசம் திட்டினார். ஆராய்ச்சில பெரியவங்க செருப்போட நடந்தாங்களா, வெறுங்காலோடவான்னு அந்த ஆள் கேட்டுட்டாராம். செருப்புக்குள்ள உணரி வச்சு நடக்கவிட்டேன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கேன், வெறுங்காலான்னு கேக்கறான், அவனுக்குக் கால் இருக்கா இல்லையான்னே சந்தேகமா இருக்குன்னார்." அவள் உதட்டோரம் லேசாக இழுத்தது. "கடைசில, 'அனைவரும் காலணியுடன் நடந்தனர், வெறுங்காலுடன் அல்ல'ன்னு ஒரு வரி சேத்தார். அந்த வரி எந்த ஃபைல்ல இருக்கோ அதான் கடைசி."

மருத்துவச்சி மெதுவாக மேலே போனார். வரி இருந்தது. "வெறுங்காலுடன் அல்ல" என்பதில் பேராசிரியரின் பல் நறநறப்பு அப்படியே கேட்டது. மருத்துவச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மகளும் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று மருத்துவச்சி பார்க்கவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார். அந்நிய வீட்டுச் சமையலறையில் டம்ளர் எங்கே இருக்கும் என்று தேட வேண்டியிருந்ததில் கொஞ்சம் நேரம் போனது. அது நல்லதுதான்.

கிளம்பும்போது சொன்னார்: "அவர் முகவரியிலேருந்து அனுப்ப வேண்டாம். உங்க பேர்ல, உங்க முகவரியிலேருந்து அனுப்புங்க. திங்கட்கிழமை மடல் வராது. தெரிஞ்சுக்கங்க."

மடல் மறுநாள் காலை வந்தது. பொருள் என்ற இடம் காலி. உள்ளே ஒரே சொல்: "இணைத்துள்ளேன்."

களஞ்சியத்தில் ஒரு பிரதியை ஏற்றினால், எழுதியவர் சரி என்று ஒப்புதல் தர வேண்டும். இறந்தவர் தர முடியாது. பொறுப்பை உதவி ஆய்வாளர் பெயருக்கு மாற்ற வேண்டும், மாற்றக் காரணம் சொல்ல வேண்டும். கணினி நான்கு காரணம் நீட்டியது: பணிமாற்றம், நீண்ட விடுப்பு, ஓய்வு, மறைவு. நான்காவதை மருத்துவச்சி அதுவரை தொட்டதில்லை. நீண்ட விடுப்பு என்று போட்டாலும் வேலை நடக்கும். சுட்டி அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கி, நான்காவதை அழுத்தினார். தன் பட்டியலுக்குப் போய்ப் பேராசிரியரின் பெயரையும் எடுத்தார். அன்று முழுக்க யாரையும் மாடிப்படியில் மடக்கவில்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஈரல் விஞ்ஞானி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்ததுக்கு ஓர் இருமல் மிட்டாய் எடுத்துக்கொண்டு போனார். மருத்துவச்சி தடுக்கவில்லை.

எண் வந்தது மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு. உதவி ஆய்வாளர் அதை அறிக்கையில் போட்டுவிட்டு, மேலே ஏறி வந்து, மருத்துவச்சியின் மேசையடியில் கிடந்த நல்ல செருப்பை இழுத்து அவர் காலருகே வைத்தாள். கேட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று அர்த்தம்.

அவர் செருப்பு மாற்றுவதற்குள் ஜன்னல் வழியாகப் பேராசிரியரின் மகள் தெரிந்தாள். அப்பாவின் அறையைக் காலிசெய்ய வந்திருந்தாள். ஓர் அட்டைப்பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். மருத்துவச்சி பச்சைக் கோப்பை எடுத்துக்கொண்டு, ரப்பர் செருப்போடே இரண்டு மாடியும் இறங்கி ஓடினார். கேட்டுக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தருகே பிடித்தார்.

"நில்லும்மா." மூச்சு வாங்கியது. "நான்தான் எப்பவும் பாப்பேன். இன்னைக்கு நீ பாரு. உன் போன்ல. வைஃபை அணைச்சுடு."

அவள் பெட்டியைத் தரையில் வைத்தாள். மருத்துவச்சி எண்ணைச் சொல்லச் சொல்லத் தட்டினாள். உச்சி வெயில். திரையில் அவளுடைய முகமும் பின்னால் வானமும்தான் தெரிந்தன.

"என்னக்கா, வலி எடு..." என்று தொடங்கிய காவலாளி பெட்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மீதியை விழுங்கிவிட்டார்.

மருத்துவச்சி வெயில் பக்கமாக நகர்ந்து நின்று, கோப்பை விரித்து அவள் கைக்கு மேலே பிடித்தார். நிழல் விழுந்ததும் திரையில் எழுத்து வந்தது. யாரும் காசு கேட்கவில்லை. மேலே தலைப்பு: முதியவர்கள் நடக்கும்போது விழுவதைவிடத் திரும்பும்போது விழுவதே அதிகம் என்பது பற்றி. அதன் கீழே பேராசிரியரின் பெயர். பெயருக்கு முன்னால் எந்தச் சொல்லும் இல்லை.

"திறக்குது" என்றாள்.

வழக்கமாக மருத்துவச்சி கோப்பை மடக்குகிற இடம் இதுதான். ஆனால் அவள் தலைப்பிலிருந்து படிக்க ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு வரியாக, அவசரமில்லாமல். பேருந்து வந்து நின்றது. கதவைத் திறந்து காத்திருந்த ஓட்டுநர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அவள் இரண்டாம் பக்கத்தில் இருந்தாள்.

மருத்துவச்சிக்குத் தோள் வலித்தது. நிழல் திரையை விட்டு விலகாமல், கோப்பை மெதுவாக மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார்.